மலையேறிய அரிசி, மலையிறங்கிய ஏலம்
ஆங்கிலேயர் காலக் கம்பம் பள்ளத்தாக்கில் உழைப்பும் வணிகமும்

(கம்பத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் இங்கிலாந்து ஆண்ட பதின்மூன்று குடியேற்றங்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தப் பாடத்துக்கும் நம் கம்பம் பள்ளத்தாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒருவர் பெயரைச் சொன்னால் சம்பந்தம் விளங்கிவிடும். அவர் கார்ன்வாலிஸ் பிரபு. 1781 அக்டோபர் 19ஆம் தேதி யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனின் படையிடம் சரணடைந்த ஆங்கிலப் படைக்குத் தளபதி அவர்தான். அந்தத் தோல்வியோடு அமெரிக்கா கைவிட்டுப் போயிற்று. ஐந்தே ஆண்டில், 1786இல், அதே கார்ன்வாலிஸை இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். இங்கே திப்பு சுல்தானோடு போரிட்டார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறிய பகுதிகளில் திண்டுக்கல் சீமையும் ஒன்று. அந்தச் சீமையோடு சேர்ந்து நம் பள்ளத்தாக்கும் கம்பெனி ஆட்சிக்குள் வந்தது. அமெரிக்காவை இழந்த கையாலேயே நம்மைப் பிடித்தார்கள்.

அமெரிக்கக் குடியேற்றங்களில் உழைத்தவர்கள் யார்? 1607இல் ஜேம்ஸ்டவுனில் தொடங்கிய வர்ஜீனியா, புகையிலையை நம்பி வளர்ந்தது. அந்தப் புகையிலைக் காட்டில் முதலில் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் ஏழைகள். கப்பல் கூலி கொடுக்க வழியில்லாமல், நாலு முதல் ஏழு வருஷம் உழைத்துக் கழிப்பதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்து வந்தவர்கள். 1619இல் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதன்பின் அடிமை முறை வேரூன்றியது. விளைந்த புகையிலையை இங்கிலாந்துக்குத்தான் அனுப்ப வேண்டும், ஆங்கிலேயர் கப்பலில்தான் ஏற்ற வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலையும் நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்குதான்.

இதையெல்லாம் அமெரிக்கர்கள் இவ்வளவு விவரமாக எப்படி அறிந்திருக்கிறார்கள்? ஒரு தச்சன் என்ன கூலி வாங்கினான், ஒரு விவசாயி செத்தபோது அவன் வீட்டில் எத்தனை பாத்திரம் இருந்தது என்பது வரைக்கும் அவர்களுடைய வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். கடைக் கணக்கு, உயில், சொத்துப் பட்டியல், நாட்குறிப்பு என்று சாதாரண மக்களின் தாள்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். நாம் ஆங்கிலேயர் காலத்தைப் பேசும்போது ஓர் அணை, ஒரு பொறியாளர், ஒரு திறப்பு விழா என்று முடித்துவிடுகிறோம். அணைக்குக் கல் சுமந்தவர், ஏலக்காய் பறித்தவர், தேயிலைப் பெட்டியை வண்டியில் ஏற்றியவர் ஆகியோரின் வரலாறுதான் இந்தப் பள்ளத்தாக்கின் வரலாறு. இன்றைக்கு உங்கள் முன் நான் சொல்ல வந்தது அதைத்தான்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவே முல்லையாறும் சுருளியாறும் ஓடும் வயல்வெளி. மேற்கு மலையைத் தாண்ட குமுளி, கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு, சாக்கலூத்துமெட்டு, போடிமெட்டு என்று கணவாய்கள் உண்டு. இன்றைக்கு இவற்றில் சிலவற்றில் தார்ச்சாலை இருக்கிறது. அன்று எல்லாமே ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதைகளைக் கண்டு வைத்திருந்தவர்கள் மலையின் மக்களான பளியர், முதுவர், மன்னான். வெள்ளைக்காரர் மலையேறியபோது வழி காட்டியவர்களும் அவர்களே. பள்ளத்தாக்கிலிருந்து பொதிமாடுகளில் அரிசி, உப்பு, துணி, புகையிலை மேலே போகும். மேலேயிருந்து ஏலக்காயும் மிளகும் தேனும் கீழே வரும்.

மலையின் அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் பகுதியில் ஏலக்காய் அங்கே அரசின் ஏகபோகச் சரக்கு. விளைவித்த குடியானவன் சர்க்காரிடம் காயை ஒப்படைத்துவிட்டு, தனக்குரிய பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். விளைவித்தவர்களில் பலர் கம்பம், கூடலூர், தேவாரம், போடியிலிருந்து மலையேறிய தமிழர்கள். புகையிலையும் அங்கே 1863 வரை சர்க்கார் சரக்காகவே இருந்தது. 1865இல் பிரிட்டிஷ் அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு எல்லைச் சுங்கங்களில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டன. வர்ஜீனியாக்காரனுக்குக் கடல் தாண்டிய சட்டம் தடை போட்டதென்றால், நம் ஆளுக்கு மலை உச்சியில் இருந்த சுங்கச் சாவடி தடை போட்டது. இரண்டு அரசுகளுக்கு நடுவே பிழைப்பு நடத்தும் சாமர்த்தியத்தை நம் முன்னோர் அப்போதே கற்றார்கள்.

இனி பெரியாற்று அணைக்கு வருவோம். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் ஆங்கிலேயருடையது அல்ல. 1789இலேயே ராமநாதபுரம் அரசின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி அந்தக் காட்டைப் பார்வையிடச் செய்தார். பணமில்லாமல் அது நின்றது. 1808இல் வந்து பார்த்த கால்டுவெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். 1850இல் சிறிய அளவில் தொடங்கிய வேலை காட்டுக் காய்ச்சலால் நின்றது. பிறகு 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மதுரைச் சீமையில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். அந்தப் பஞ்சம்தான் அரசாங்கத்தை அசைத்தது. பொறியாளர் பென்னிகுவிக் வகுத்த திட்டம் ஒப்புதல் பெற்றது. 1886 அக்டோபர் 29ஆம் தேதி திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய். 1887இல் வேலை தொடங்கியது. 1895 அக்டோபர் 10ஆம் தேதி சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார்.

இவை தேதிகள். அந்த எட்டு வருஷத்தில் ஒரு கூலியாளின் நாள் எப்படிக் கழிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அருகில் இருந்த ரயில் நிலையம் அம்மையநாயக்கனூர், இன்றைய கொடைக்கானல் ரோடு. இரும்பும் இயந்திரமும் அங்கே இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம், தேனி, சின்னமனூர், கம்பம், கூடலூர் வழியாக மலையடிவாரம் வரும். ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் இந்தப் பள்ளத்தாக்கின் ஒரு சம்சாரி நடந்திருக்கிறார். அங்கிருந்து மலை மேலே ஏற்றி, காட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். அணைக்குச் சிமெண்ட் கிடையாது. சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணை இடித்த தூள். சுண்ணாம்புக் கல்லை வெட்ட ஒரு கூட்டம், சுட ஒரு கூட்டம், சுர்க்கி இடிக்க ஒரு கூட்டம், கல் உடைக்க ஒரு கூட்டம், கலவை குழைக்க ஒரு கூட்டம், தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு போய்க் கொட்ட ஒரு கூட்டம். 1,200 அடி நீளச் சுவர் இப்படித்தான் எழுந்தது. மழைக்காலத்தில் வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போகும். மறுபடியும் முதலிலிருந்து கட்ட வேண்டும். காய்ச்சல் பருவம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் மலையிறங்குவார்கள். மலேரியாவும் காலராவும் யார் வெள்ளையர், யார் கறுப்பர் என்று பார்க்கவில்லை. கட்டுமானக் காலத்தில் நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாக ஒரு கணக்கு உண்டு. காய்ச்சலோடு ஊர் திரும்பித் தன் வீட்டுத் திண்ணையில் உயிரை விட்டவர் எந்தக் கணக்கிலும் ஏறியிருக்க மாட்டார்.

பென்னிகுவிக்கை நாம் போற்றுகிறோம். போற்ற வேண்டியவர். ஜனவரி 15ஆம் தேதி பாலார்பட்டியில் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறோம். அந்த நன்றியில் குறையொன்றும் இல்லை. ஆனால் அணைக்கான செலவை ஏற்றது சென்னை மாகாண கஜானா. கஜானாவுக்குப் பணம் வந்தது குடியானவன் கட்டிய தீர்வையிலிருந்து. தண்ணீர் வந்த பிறகு அந்தத் தண்ணீருக்கும் அவன்தான் கட்டினான். உழைப்பும் நம்முடையது, பணமும் நம்முடையது. பொறியாளருக்கு மாலை போடும் கையால் கல் சுமந்தவர்களுக்கும் ஒரு மாலை போட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

தண்ணீர் வந்தபின் பள்ளத்தாக்கு மாறியது. கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. இரண்டு போகம் என்றால் இரண்டு நடவு, இரண்டு அறுப்பு. கூலி வேலைக்கு வறண்ட ஊர்களிலிருந்து ஆள் வந்தார்கள், வந்தவர்களில் பலர் இங்கேயே குடியமர்ந்தார்கள். வயல் பெருகியதால் அரிசி பெருகியது. அந்த அரிசிக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய சந்தை பிறந்திருந்தது. அது மலை மேல் இருந்த எஸ்டேட்.

1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து, மூணாற்றைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். காப்பி போட்டார்கள். இலங்கையில் 1869இல் தலைகாட்டிய காப்பி இலை நோய் தென்னிந்தியத் தோட்டங்களையும் பிடித்தது. பிறகு பல பயிர்களை முயன்று பார்த்துத் தேயிலையில் வந்து நின்றார்கள். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவாயிற்று. பீர்மேட்டிலும் இதே கதைதான். தேயிலைக்கு ஆள் வேண்டும். வருஷம் முழுக்க, மழையிலும் பனியிலும், குடும்பத்தோடு தங்கி வேலை செய்யும் ஆள். அந்த ஆளைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தேடினார்கள்.

தேடி வந்தவர் கங்காணி. அவர் அந்நியர் அல்ல, உறவுக்காரராகவோ ஒரே ஊர்க்காரராகவோ இருப்பார். மழை பொய்த்த வருஷம் பார்த்து வருவார். தரகுப் பணமாக அவருக்குத் தலைக்காசு உண்டு. வீட்டுக்காரர் கையில் முன்பணம் வைப்பார். அந்தப் பணம் பழைய கடனுக்கோ, மகள் கல்யாணத்துக்கோ, அன்றைய கஞ்சிக்கோ போய்விடும். அப்புறம் மலையேற வேண்டியதுதான். மேலே போனால் லயம் என்ற வரிசை வீட்டில் ஓர் அறை. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர். கூலியில் முன்பணம் கழியும், அரிசிக் கடன் கழியும், கம்பளிக்கும் கழியும். முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராதவனைத் தண்டிக்க 1859லேயே பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். கடன் வாங்கியவன் கோர்ட்டுக்குப் போவான், கடனில் மாட்டிவைத்தவன் போக மாட்டான். அந்தச் சட்டம் 1920களின் நடுவில்தான் ஒழிந்தது. கப்பல் கூலிக்காக ஏழு வருஷம் எழுதிக் கொடுத்த ஆங்கில ஏழைக்குத் தவணை முடிந்ததும் விடுதலை கிடைத்தது, சிலருக்குத் துண்டு நிலமும் கிடைத்தது. நம் ஆளுக்குத் தவணையும் முடியவில்லை, நிலமும் கிடைக்கவில்லை.

மூணாற்றில் கட்டிய ஒரு தேயிலைப் பெட்டி எப்படி லண்டன் போய்ச் சேர்ந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த வழி நம் போடிநாயக்கனூரின் வழி. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக 1902இல் ஒரு விசித்திரமான ரயில் போட்டார்கள். ஒரே தண்டவாளம், இழுப்பது மாடு. 1908இல் அதை மாற்றி, எஞ்சின் இழுக்கும் சிறு ரயிலாக்கினார்கள். அது டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கே தரை முடிகிறது, கீழே பார்த்தால் குரங்கணிப் பள்ளம். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடி வரை கம்பிவடம் கட்டி, பெட்டிகளை அந்தரத்தில் இறக்கினார்கள். கொட்டகுடியில் போடி வண்டிக்காரர்கள் காத்திருப்பார்கள். போடிக்கு வந்த பெட்டி தேனி வழியாக அம்மையநாயக்கனூர் போய் ரயில் ஏறி, தூத்துக்குடியில் கப்பல் ஏறும். அதே கம்பிவடத்தில் அரிசியும் பலசரக்கும் மேலே போகும். லயத்தில் உலை வைத்த பெண்ணின் பானையில் வெந்தது நம் வயல் அரிசி. 1924 ஜூலையில் கேரளத்தைப் புரட்டிப் போட்ட பெருவெள்ளம் அந்தச் சிறு ரயிலை அழித்தது. இன்று டாப் ஸ்டேஷனில் அதன் மிச்சங்கள்தாம் இருக்கின்றன.

1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. ஏலமும் தேயிலையும் காப்பியும் பருத்தியும் இருந்ததால்தான் அந்த ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். இரும்பு போருக்கு வேண்டுமாம். ஏகாதிபத்தியத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கு என்னவாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சுதந்திரத்துக்குப் பிறகு, 1953-54இல், நம் அரசு மறுபடியும் போட்டது. அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்திய ரயில் 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு வந்தது.

ஏலக்காயைப் பற்றிச் சொல்லாமல் போடியைப் பற்றிப் பேச முடியாது. தேயிலை கம்பெனியின் சொத்தாக இருந்தது. ஏலத்தோட்டமோ பெரும்பாலும் நம் ஊர்க்காரர்களுடைய முதலீடு. அதனால் ஏல வணிகம் போடியில் நின்றது, இன்றும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏல மையம் அங்கே இருக்கிறது. ஆனால் அந்தப் பச்சைக் காயின் விலையில் யாருடைய முதுகு இருக்கிறது? ஏலச்செடியின் சரம் தண்டின் அடியில், தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். நின்றுகொண்டு பறிக்க முடியாது. குந்தியும் குனிந்தும், ஈர மண்ணில் நகர்ந்து நகர்ந்து, முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். பழுத்தால் வெடித்துவிடும், பிஞ்சாய் எடுத்தால் எடை நிற்காது. ஒரே சரத்துக்குச் சில வாரம் கழித்து மறுபடி வர வேண்டும். காலில் அட்டை ஏறும், அதற்குப் புகையிலையும் சுண்ணாம்பும். பறித்த காயை ஸ்டோரில் கொட்டி உலர்த்தினால், ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும். இந்தப் பறிப்பு வேலை பெரும்பாலும் பெண்களுடையது. வணிகர் பெயர் கடைப் பலகையில் இருக்கிறது. பறித்தவள் பெயர் எங்கே இருக்கிறது?

அந்தக் காலத்தில் ஊரை விட்டு ஊர் போவதே சிலருக்குக் குற்றமாக இருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். குற்றப் பரம்பரைச் சட்டம், நம் மக்கள் சொல்வதுபோல ரேகைச் சட்டம், பிரமலைக் கள்ளர் மீது பாய்ந்தது. குற்றம் செய்தானா இல்லையா என்று பார்க்காமல், பிறப்பைப் பார்த்து விரல் ரேகை வாங்கினார்கள். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ ஆஜராக வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி மாயக்காள் என்ற பெண்ணும் பல ஆண்களும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஒரு பக்கம் மலைக்கு ஆள் வேண்டும் என்று முன்பணத்தோடு அலைந்தார்கள், மறுபக்கம் ஓர் இனத்தையே ஊருக்குள் கட்டிப்போட்டார்கள். உழைப்பவன் எப்போது நடக்கலாம், எப்போது நிற்க வேண்டும் என்பதை அரசே முடிவு செய்தது. காலனி ஆட்சியின் சாரம் இதுதான்.

1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. வேலை மலையின் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம் என்ற நிலை மட்டும் போகவில்லை. இன்றும் விடியும் முன்னே கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் ஜீப்புகள் நிற்கின்றன. தூக்குவாளியோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டம் போய், இருட்டியபின் வீடு திரும்புகிறார்கள். ஜீப் கவிழ்ந்த செய்தி வந்தால் ஒருநாள் பேசுகிறோம். நூற்றைம்பது வருஷமாக இந்தப் பள்ளத்தாக்கைத் தாங்குவது அவர்கள் போய்வரும் பாதை. பாதுகாப்பான வண்டியும் நியாயமான கூலியும் இரு மாநிலத்திலும் செல்லுபடியாகும் நலத்திட்டமும் அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன். அதைத் தானமாகக் கொடுப்பதுபோலப் பேசக் கூடாது.

அதைப்போலவே இன்னொரு கடனும் உண்டு. அவர்களுடைய வரலாற்றை எழுதுவது. ஆங்கிலேயர் தங்கள் பக்கத்தை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரியாறு திட்டத்தின் வரலாற்றை ஏ. டி. மெக்கன்ஸி என்ற பொறியாளர் 1899இலேயே புத்தகமாக்கினார். நம் பக்கத்தை எழுத வேண்டியவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பேரேடு இருக்கலாம், புரோநோட்டு இருக்கலாம், எஸ்டேட் சம்பளச் சீட்டு இருக்கலாம், தீர்வை ரசீது இருக்கலாம். பழைய காகிதம் என்று எடைக்குப் போடாதீர்கள். நகல் எடுத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ கொடுத்துவிட்டு, மூலத்தைப் பத்திரமாக வையுங்கள். மாணவர்களே, வீரபாண்டித் திருவிழாவுக்கு மலையிலிருந்து உறவுகள் எல்லாம் இறங்கி வரும்போது, உங்கள் பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, என்ன கூலி, எந்த வழியாக நடந்தார்கள், யார் திரும்பி வரவில்லை என்று கேளுங்கள். பெயரையும் ஊரையும் வருஷத்தையும் குறித்து வையுங்கள். ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் நிரம்பினால் போதும், இந்தப் பள்ளத்தாக்கின் உண்மையான வரலாறு அடுத்த தலைமுறைக்குக் கிடைத்துவிடும்.